பொய் வானத்துக்குக் கீழே ஒரு வேளைச் சாப்பாடு

தண்டையார்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டுத் தம்பி, அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரிந்தவன், போன ஞாயிறு மாடிப்படியில் மடக்கி ஒரு கேள்வி கேட்டான். மே மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறான். டிஸ்னி வேர்ல்டுக்கு மூன்று நாள் டிக்கெட்டை அக்காவே எடுத்துவிட்டாள். பூங்காவுக்குள் கோட்டை மாதிரி, விண்வெளி நிலையம் மாதிரி, பழைய சினிமாக் கொட்டகை மாதிரி வேடம் கட்டிய உணவகங்கள் இருக்கிறதாம். ஆளுக்கு ஐம்பது டாலர், எண்பது டாலர். “அந்தக் காசுக்குத் தகுமா அண்ணே? அம்மா செவ்வாய், வெள்ளி கவுச்சி தொடமாட்டாங்க. சின்னவன் தயிர் சாதத்தைத் தவிர எதுவும் இறக்கமாட்டான்.” படிக்கட்டில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் எழுதிவிட்டேன்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கொருக்குப்பேட்டையில் எனக்கு ஃபைபர் மோல்டிங் பட்டறை. கல்யாண மேடைக்கு யானை, பொருட்காட்சி வாசலுக்கு டைனோசர், ஓட்டலுக்குப் பாறைக் குகை, இதுதான் பிழைப்பு. என் தங்கையும் அந்த ஊர்ப் பக்கம்தான், இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். இந்த மாதிரி உணவகத்துக்குள் போனால் மற்றவர்கள் மெனுவைப் பார்ப்பார்கள், நான் கூரையைப் பார்ப்பேன். என் மனைவிக்கு அதில் ரொம்ப நாளாகக் கோபம்.

சுருக்கமான பதில்: மூன்று நாளில் ஒரு முறை உட்கார்ந்து சாப்பிடு, அதிகம் போனால் இரண்டு முறை. மற்ற வேளைக்கெல்லாம் கவுண்டரில் வாங்கிக்கொள், அல்லது கையோடு எடுத்துப் போ. அந்த இடங்களில் நீ காசு கொடுப்பது முக்கால்வாசி இடத்துக்கு, கால்வாசிதான் சோற்றுக்கு. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. ‘இத்தனை டாலருக்கு இந்தச் சாப்பாடா’ என்று உன் அம்மா கேட்கத்தான் போகிறார், அதற்கும் தயாராக இரு.

எந்த இடம் என்று தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான். அந்த உணவகத்தின் வானம் பொய்யா, நிஜமா?

பொய் வானம் என்றால் என்ன என்று சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலாண்ட் 1955 ஜூலையில் திறந்தது. (அதே வருஷம் அக்டோபரில்தான் நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை, என் அப்பா அங்கே வேலை பார்த்ததால் எனக்கு அந்த வருஷம் மறக்காது.) 1967இல் அந்தப் பூங்காவில் கடற்கொள்ளையர் படகு சவாரி ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்தச் சவாரி நடக்கும் அதே கட்டடத்துக்குள், படகு புறப்படும் கால்வாயின் கரையிலேயே ப்ளூ பேயூ என்று ஓர் உணவகத்தையும் வைத்தார்கள். வெளியே மொட்டை வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் அந்தி சாய்ந்த நேரம். கருநீலக் கூரை, காகித விளக்குகள், மின்மினிகள், தவளைச் சத்தம். நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் படகில் ஆட்கள் போவார்கள். படகில் போகிறவனுக்கு நீ காட்சி, உனக்கு அவன் காட்சி. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் இந்த வகை உணவகங்களில் பாதி, அந்த ஒரு யோசனையின் பிள்ளைகள்தான் என்பது என் கணிப்பு.

இதில் இருக்கும் கஷ்டம் வெளியே தெரியாது. சில வருஷம் முன்னால் ஓர் ஓட்டலுக்குக் குகை கட்டினோம், பெயர் வேண்டாம். கம்பி வலை அடித்து, சிமெண்ட் பூசி, ஈரம் காயும் முன்னே கசக்கிய அலுமினியத் தாளை அழுத்தி எடுத்தால் பாறை மாதிரியே வரும். வேலை சுத்தமாக வந்தது. ஆனால் முதலாளி நீல விளக்குதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். திறந்த அன்றைக்கு மேசைக்கு மீன் குழம்பு வந்தது. நீல வெளிச்சத்தில் சிவப்பு எதுவும் சிவப்பாகத் தெரியாது. குழம்பு தார் மாதிரி கருப்பாக இருந்தது. வஞ்சிர வறுவல் சாம்பல் நிறம். ஒரு பாட்டி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். மறுவாரமே ஒவ்வொரு மேசைக்கு மேலும் மஞ்சள் விளக்கு மாட்டினோம், குகை போய் மறுபடியும் ஓட்டல் ஆகிவிட்டது. இருட்டும் வேண்டும், தட்டில் இருப்பது பசியைத் தூண்டவும் வேண்டும். வெளிச்சத்தைத் தட்டோடு நிறுத்தி, சுவருக்கும் கூரைக்கும் சிந்தாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள். மேசையில் ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான்.

ப்ளூ பேயூ இருப்பது கலிஃபோர்னியாவில், உன் வழியில் வராது. அதே மாதிரியான நிரந்தர இரவு ஃப்ளோரிடாவில், டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான எப்காட்டின் மெக்சிகோ கூடத்துக்குள் இருக்கிறது, சான் ஏஞ்சல் இன் என்று பெயர். பக்கத்தில் படகு, தூரத்தில் பிரமிடு, எரிமலை. ஒரு எச்சரிக்கை: வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணே தெரியாது. அம்மா கையைப் பிடித்துக்கொள்.

சரி, அளவுகோலுக்கு வருகிறேன். வானம் பொய் என்றால் மதியத்துக்கும் ராத்திரிக்கும் காட்சியில் வித்தியாசமே இல்லை. ஆனால் பில்லில் உண்டு. எப்காட்டில் ஸ்பேஸ் 220 என்று ஓர் உணவகம் 2021 செப்டம்பரில் வந்தது. பூமிக்கு மேலே 220 மைல், அதாவது சுமார் 354 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் நிலையத்தில் சாப்பிடுவதாகக் கதை. லிஃப்ட் மாதிரி ஓர் அறையில் ஏற்றுவார்கள். காலடியில் இருக்கும் திரையில் பூங்கா சிறிதாகிக்கொண்டே போகும், நம்மவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். மேலே போவதெல்லாம் திரையில்தான். கதவு திறந்தால் பெரிய ஜன்னல் மாதிரித் திரைகள், கீழே உருண்டையாகப் பூமி. திறந்த புதிதில் மதிய உணவு 55 டாலர், இரவு உணவு 79 டாலர். பூமி இரண்டு வேளையும் அதே பூமிதான். இப்போதைய விலையை நீயே பார்த்துக்கொள், விஷயம் மாறாது: பொய் வானத்துக்கு மதியம் போ.

போட்டிருக்கும் விலையோடு கணக்கு முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் விற்பனை வரி 6.5 சதவீதம். பரிமாறுகிறவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம், வைக்காமல் எழுந்தால் மரியாதையாக இருக்காது. ஆக 55 என்று எழுதியிருந்தால் கையை விட்டுப் போவது 68, 69. அக்காவும் மாமாவும் சேர்ந்து வந்தால் நீங்கள் ஏழு பேர். ஆறு பேரும் அதற்கு மேலும் இருந்தால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள், பார்க்காமல் இன்னொரு முறை வைத்துவிடாதே. இன்னொன்று, அங்கே 3 முதல் 9 வயது வரைதான் குழந்தை விலை. உன் பெரியவளுக்குப் பத்து முடிந்துவிட்டது, அவள் பெரியவர் கணக்கு.

பிள்ளைகளுக்காக ஒன்று என்றால் நான் சொல்வது ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவில் இருக்கும் சை-ஃபை டைன்-இன். 1991இல் வந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் திறந்தவெளியில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்ப்பார்கள், அந்த மாதிரி. நம்மூரிலும் ஈ.சி.ஆர். பக்கம் அப்படி ஒரு கொட்டகை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இங்கே மேசையே பழைய காலத்து கார். நட்சத்திரம் மின்னும் பொய் வானம், எதிரே திரையில் வேற்றுக்கிரகவாசி, ராட்சதப் பூச்சி என்று பழைய கருப்பு வெள்ளைப் படங்களின் துண்டுகள் சுற்றிச் சுற்றி ஓடும். பர்கரும் மில்க் ஷேக்கும்தான் சாப்பாடு, சுமார் ரகம். ஆனால் கார் சீட் எல்லாம் திரையைப் பார்த்தபடி ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். குடும்பமாக முகம் பார்த்துப் பேச முடியாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு உள்ளே நுழைந்து உட்காரவும் சிரமம். பின்னால் சில சாதாரண மேசைகளும் இருக்கின்றன. கார்தான் வேண்டுமா, மேசையா என்று வாசலிலேயே சொல்லிவிடு. சின்னவன் மேசைக்குப் போனால் வீட்டையே இரண்டாக்கிவிடுவான் என்று நினைக்கிறேன், ஆகவே அம்மாவுக்கு முன்சீட்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அதே பூங்காவில் இருக்கும் இன்னொன்று, 50ஸ் பிரைம் டைம் கஃபே. 1950களின் அமெரிக்க வீட்டுச் சமையலறை. ஃபார்மைக்கா மேசை, சின்னக் கருப்பு வெள்ளை டிவி. பரிமாறுகிறவர்கள் வேலைக்காரர்கள் மாதிரி நடந்துகொள்ளமாட்டார்கள், உன் அத்தை, உன் அக்கா என்ற பாவனையில் வருவார்கள். மேசையில் முழங்கையை ஊன்றினால் அதட்டு விழும். பீன்ஸை ஒதுக்கி வைத்தால் விடமாட்டார்கள். நான் ஊன்றினேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி ஒரு தாடிக்காரருக்கு ஓர் அம்மா ஏரோப்ளேன் விட்டு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் செட்டு வேலை என்று பிரமாதமாக ஒன்றுமில்லை, என் பட்டறைப் பையன்கள் பத்து நாளில் கட்டிவிடுவார்கள். அந்த அம்மாவைக் கட்ட முடியாது. நம்ம விஜிபி பூங்காவில் சிலை மாதிரி அசையாமல் நிற்பாரே, அந்தச் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நாமெல்லாம் எத்தனை குரங்குச் சேட்டை செய்திருப்போம்! அங்கே என்னென்ன ராட்டினம் இருந்தது என்று எனக்கு மறந்துவிட்டது, அவர் முகம் மறக்கவில்லை. ஆனால் ஒன்று, பிரைம் டைமில் சிரிப்பெல்லாம் ஆங்கிலப் பேச்சில் இருக்கிறது. உன் அம்மாவுக்கு யாரோ ஒரு பெண் வந்து பிள்ளைகளைத் திட்டுகிறாள் என்றுதான் தோன்றும். பதிலுக்கு இவரும் திட்டினால் அதைப் படம் பிடித்து அனுப்பு.

கோட்டை என்று கேட்டாயே, அது மேஜிக் கிங்டம் பூங்காவில் 2012இல் வந்த பீ அவர் கெஸ்ட். ஜன்னலுக்கு வெளியே பனி விழும், உள்ளே பெரிய நடனக்கூடம். பக்கத்திலேயே இடி மின்னலோடு இருட்டான அறை ஒன்றும் உண்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கல்யாண மண்டபச் சத்தம். ஃபைபரும் கண்ணாடியும் சலவைக்கல்லும் குரலை விழுங்காது, திருப்பி அடிக்கும். பெரியவளுக்கு இளவரசி ஆசை இருந்தால் தவிர, நான் தாண்டிப் போவேன்.

எப்காட்டில் கோரல் ரீஃப் என்று மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும் உணவகம் ஒன்று. தொட்டி 57 லட்சம் கேலன், அதாவது இரண்டு கோடி லிட்டருக்கு மேல். சுறா, திருக்கை, ஆமை எல்லாம் போகும். மெனுவிலும் மீன்தான். காசிமேட்டுக்காரன் அங்கே நிம்மதியாகச் சாப்பிட முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவது கிலோ என்ன விலை போகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அனிமல் கிங்டம். 1998இல் திறந்த பூங்கா. அதில் ஆசியப் பகுதிக்கு ஆனந்தபூர் என்று அவர்களாகவே ஓர் ஊரைக் கற்பனை செய்து வைத்திருக்கிறார்கள். ஒடிசாவில் நிஜ ஆனந்தபூர் இருக்கிறது, இது வேறு. இமயமலைப் பக்கத்துச் சாயல், நம்ம ஊர்ச் சாயல் எல்லாம் கலந்து கட்டியது. யாக் அண்ட் யெட்டி என்ற உணவகம் அங்கேதான், 2007இல் வந்தது. காரை பெயர்ந்த சுவர், வெயிலில் வெளுத்த விளம்பரப் பலகை, துருப்பிடித்த தகரம். புதுச் சுவரைப் பழசாக்குவதை சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்டில் ஏஜிங் என்பார்கள். மழைத்தண்ணீர் வழிந்த கறை எந்தப் பக்கம் வரவேண்டும், கை பட்டுப் பட்டு எந்த உயரத்தில் பெயிண்ட் தேயவேண்டும் என்று தெரிந்தவன்தான் அதைச் செய்ய முடியும். அங்கே செய்தவன் தெரிந்தவன். கதவு ஒன்றை நான் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி சொன்னாள்: “மிண்ட் ஸ்ட்ரீட்டில் இதே கதவு நூறு இருக்கு, பஸ்ஸில் போனா பாக்கலாம்.” பதில் சொல்ல முடியவில்லை. சாப்பாடு சீனமும் வட இந்தியமும் கலந்தது, நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் சௌகார்பேட்டையை மனசில் வைத்துக்கொண்டு போகாதே.

இனி நிஜ வானம். உன் குடும்பத்துக்கு ஒரே ஒரு இடம் சொல் என்றால் நான் சொல்வது சனா. பூங்காவுக்கு வெளியே, அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஓட்டலில் கிடானி வில்லேஜ் பகுதியில் 2009இலிருந்து இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலில் இந்தியக் கைப்பக்குவம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை நடமாடும், திரை இல்லை, உயிரோடு. ரொட்டித் தட்டு ஒன்று தருவார்கள்: ‘நான்’ ரொட்டி உட்படப் பல வகை, தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சட்னி, பூண்டு ஊறுகாய், ரைத்தா என்று ஒன்பது கிண்ணம். ஐந்து பேர் நடுவில் வைத்துப் பிய்த்துத் தின்னலாம். பாஸ்மதி சோறு கேட்டு வாங்கி ரைத்தாவை ஊற்றிப் பிசைந்தால் சின்னவன் கதையும் முடிந்தது. முக்கியமான விஷயம், இதற்குப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. மூன்று நாள் டிக்கெட்டில் ஒரு மணி நேரமும் வீணாகாமல் நான்காம் நாள் போகலாம். நிஜ வானம் என்பதால் இங்கே நேரம்தான் எல்லாம். மே மாதத்தில் அங்கே எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்தரைக்கு மேசை பிடி. இருட்டிவிட்டால் ஒட்டகச்சிவிங்கி வெறும் நிழல்.

அம்மாவின் செவ்வாய், வெள்ளிக்கு. அங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை உண்டு, பாலாடைக்கட்டி உண்டு. சீசர் சாலட்டில் ஊற்றும் சாஸில் நெத்திலி இருக்கும், இலை தழைதானே என்று நம்பிவிடாதே. டிஸ்னி மெனுக்களில் பச்சை இலைக் குறி ஒன்று போட்டிருப்பார்கள். அந்தக் குறி இருந்தால் கறி, மீன், முட்டை, பால், தேன் எதுவுமே கிடையாது. அதைத் தேடினால் போதும், ஆங்கிலத்தில் விளக்கி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வேறு ஒவ்வாமை இருந்தால் முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடு.

கையில் எடுத்துப் போகலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். டிஸ்னி வேர்ல்டில் விடுவார்கள். சூடுபடுத்த வேண்டாத உணவாக இருக்கவேண்டும், கண்ணாடிப் பாத்திரம், மதுபானம் கூடாது. புளியோதரை, சப்பாத்தி, இட்லிப் பொடி தாராளமாக. கடும் வாசனை உள்ள உணவு கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை அக்கா வீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல். தண்ணீருக்குக் காசு செலவழிக்காதே, கவுண்டர் உணவகங்களில் ஐஸ் தண்ணீர் ஒரு கோப்பை இலவசமாகவே தருவார்கள், கேட்டால் போதும்.

உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு வேளையை எப்போது வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. ஃப்ளோரிடா வெயில் நம்ம எண்ணூர் வெயிலுக்குச் சளைத்ததில்லை, மே முடிய முடிய சாயங்கால மழையும் சேர்ந்துகொள்ளும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஏசியில் நாற்காலி போட்டு உட்காருவது அம்மாவின் காலுக்கு மருந்து. அந்த ஓய்வைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் எனக்கு விலை அவ்வளவு உறுத்தவில்லை.

ஸ்டார் வார்ஸ் பகுதிக்குப் போனால் நீலப் பால் என்று ஒன்று விற்பார்கள், பிள்ளைகள் கேட்கும். உறைந்த பானம், தேங்காய்ப்பாலும் அரிசிப்பாலும்தான் அடிப்படை. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பழகிய நமக்கு அதிசயம் ஒன்றுமில்லை, நிறம்தான் மிரட்டும். ஒன்று வாங்கி ஐந்து பேர் குடியுங்கள்.

மாமா யுனிவர்சல் பூங்காக்கள் பக்கம் இழுத்தால், அது வேறு டிக்கெட், வேறு நிறுவனம். அங்கே 2010இலிருந்து இருக்கும் த்ரீ புரூம்ஸ்டிக்ஸ் என்ற ஹாரி பாட்டர் உணவகம், கவுண்டரில் வாங்கி உட்காரும் இடம்தான். ஆனால் அந்த உயர்ந்த மரக்கூரையைப் பார்க்கவே போகலாம். 2025 மே 22இல் எபிக் யுனிவர்ஸ் என்று புதுப் பூங்கா திறந்திருக்கிறார்கள். அதில் ஒரு காற்றாலைக்குக் கீழே உணவகம், காற்றாலையின் இறக்கைகள் அவ்வப்போது தீப்பிடித்து எரியும். நான் இன்னும் பார்க்கவில்லை. நெருப்பு வைத்துக்கொண்டு செட்டு போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும், முடிந்தால் எனக்காகப் பக்கத்தில் போய் ஒரு வீடியோ எடு.

முன்பதிவு. டிஸ்னியில் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், ஸ்பேஸ் 220 மாதிரி இடங்கள் சீக்கிரம் போய்விடும். பிடித்துவிட்டுப் போகாமல் இருந்தால் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள். மே 10க்கு மேசை வேண்டும் என்றால் மார்ச் 11 அன்று. அவர்களுக்குக் காலை ஆறு மணி, அங்கே கோடை நேரத்துக்கு கடிகாரத்தை மாற்றியிருந்தால் நமக்கு மதியம் மூன்றரை, மாற்றவில்லை என்றால் நாலரை. மூன்றேகாலுக்கு மாடிக்கு வந்துவிடு, வைஃபை என் வீட்டில்தான் நன்றாக எடுக்கும்.